செல்வம் வாசித்த கட்டுரை

அன்புள்ள அத்தாவுக்கு, ஹெல்சிங்கியிலிருந்து நௌஷீன் ஸலாம் சொல்லி எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். இங்கே பனிதான் கொஞ்சம் ஜாஸ்தி.

போன வாரம் இங்கே நடந்த வரலாற்றுக் கருத்தரங்குக்கு நம் செந்தமிழ்ச்செல்வன் வந்திருந்தான். சிதம்பரத்தில் என்னோடு எம்.ஏ. படித்தவன், நம் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவன். முதல் உலகப்போரில் கணவர்களைப் பறிகொடுத்து, ரொட்டிக்கும் விறகுக்கும் ஜார் அரசுக்கு மனுப் போட்ட ரஷ்யப் பெண்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தான். ஐந்து வருடம் ஆவணக்காப்பகங்களில் உட்கார்ந்து நான் தேடியெடுத்த மனுக்கள் அவை. படித்துப் பார்க்கச் சொல்லி அவனுக்கு அனுப்பியிருந்தேன். நான் தப்பாக மொழிபெயர்த்த ஒரு வரிகூட அப்படியே இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை.

வெளியே வந்ததும், "ஏன் செல்வம் இப்படிப் பண்ணே?" என்று கேட்டேன்.

"ஒனக்கு இன்னும் நெறைய கிடைக்கும் நௌஷீன். எனக்கு ஒரு வேலை வேணும்" என்றான், நிதானமாக.

புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் கவலைப்படாதீர்கள். ரசப்பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். அம்மாவின் பழைய சால்வை ஒன்றும் வேண்டும்.

அடுத்த மாதம் அவன் கடலூர் வருகிறான். எப்போதும்போல செம்மண்டலத்துக்கு உங்களைப் பார்க்க வருவான். டீ கொடுங்கள். என் அறையை மட்டும் பூட்டிவிடுங்கள்.

நூலகம் திறந்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகள்,
நௌஷீன்