ரெண்டாயிரம் வருஷத்துத் தீட்டு

தாது வருஷம், சித்திரை 27, சனி

அவர் இருந்தால் வாயால் சொல்லியிருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன். இரண்டாம் வகுப்புப் படிப்பு. எழுத்து கோணலாகத்தான் வரும். யார் பார்க்கப் போகிறார்கள்.

இன்று வேலனும் அவன் பெண்டாட்டி மாசாணியம்மாளும் மறுபடி கிணற்று வேலைக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு அடி வெட்டிவிட்டு மாசியில் காய்ச்சலில் போய்விட்டார். பாறை தெரிகிறது, தண்ணீர் தெரியவில்லை. ஆடி பிறப்பதற்குள் தண்ணீர் காட்டாவிட்டால் என் காட்டைத் தன் காட்டோடு சேர்த்து உழுதுகொள்வதாக மச்சாண்டார் பொங்கியண்ணன் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு அண்ணன். "அப்புறம் அம்மணி எங்கூட்டுலயே சாப்புட்டுக்கட்டும்" என்றாராம். என்னிடம் நேரில் பேச மாட்டார், நானும் பேசக்கூடாது. எல்லாம் மச்சாண்டார் சம்சாரம் தெய்வாத்தாள் அக்கா வழியாகத்தான் வரும், போகும்.

சாப்பிட்டுக்கொள்வதாம். நான் என்ன கன்றுக்குட்டியா?

சித்திரை 28

இன்றும் பழக்கத்தில் அவருக்கும் சேர்த்துச் சோறு ஆக்கிவிட்டேன். எருமைக்கு வைத்தேன்.

சித்திரை 31, புதன்

கிணற்றின் மேல்பக்கம் மண் சரிந்த இடத்தில் படி செதுக்கும்போது வேலனின் கடப்பாரை டொங்கென்றது. பெரிய பானை. ஓர் ஆள் குந்தி உட்காரலாம். உள்ளே மண், மண்ணுக்குள் எலும்பு, மண்டை, கறுப்பும் சிவப்புமாக ஒரு கிண்ணம். வேலன் ஏணியில்லாமலே மேலே வந்துவிட்டான்.

மச்சாண்டார் வந்தார். கூடவே நாற்காலியும் வந்தது. பஞ்சாயத்து மெம்பர் ஆனதிலிருந்து அது இல்லாமல் எங்கும் உட்காருவதில்லை. தொடை எலும்பை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துப் பார்த்து, "எங்க பாட்டனேதான்! எத்தாத்தண்டி பாருங்க! இது எங்க கூட்டத்துக் காலு, எங்க வம்சத்துக் காலு" என்றார்.

அப்புறம்தான் கூத்து. சாவு நமக்கு என்றைக்குத் தெரிகிறதோ அன்றிலிருந்து தீட்டு எண்ணுவது வழக்கம். கொழும்பில் யாராவது செத்து மூன்று மாதம் கழித்துக் கடுதாசி வந்தாலும், வந்த அன்றுதான் தலை முழுகுவோம். "பாட்டன் செத்தது நமக்கு இன்னைக்குத்தான தெரிஞ்சுது? இன்னைலிருந்து பதினாறு நாள் தீட்டு" என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டார். பாட்டனுக்குக் கோயில் வேறு கட்ட வேண்டுமாம். எங்கே? கிணற்றை மூடி, அதன்மேல்.

வேலன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மூடினால் என் காடு போச்சு. யாரிடம் சொல்ல?

சாயந்திரம் பெண்டுகள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். நடுவில் அக்கா நிறுத்தி, "பாட்டனுக்கு என்ன பலகாரம் புடிக்கும்னு பாடறது?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ராகிக்களி என்று வைத்துப் பாடினார்கள். நான் அழுதேன். மாசியில் வராத அழுகையெல்லாம் வந்தது. பாட்டன்மேல் எத்தனை பாசம் என்று மெச்சினார்கள்.

வைகாசி 2

மச்சாண்டார் போத்தனூருக்குக் கடுதாசி போட்டிருக்கிறார். அங்கே லட்சுமணசாமி என்று ஒரு டாக்டர் இருக்கிறாராம். மதராஸில் டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு எலும்புப் பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவர். பாட்டன்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் அதைக் கோயில் கல்லில் வெட்டிவிடலாமாம்.

வைகாசி 4

விரல் விட்டு எண்ணினேன். பதினாறாம் நாள் கருமாதி வைகாசி 15, வியாழன். மச்சாண்டார் மகள் ராசம்மாளுக்கு முகூர்த்தம் — வைகாசி 15, வியாழன்.

அவர்களே எண்ணட்டும்.

வைகாசி 5

அவர்களும் எண்ணிவிட்டார்கள். இரண்டு வேளையாக அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சத்தியமங்கலத்து மாப்பிள்ளை வீட்டில் ஆள் அனுப்பி, "தீட்டுங்களா, இல்லீங்களா? ஒண்ணைச் சொல்லுங்க" என்று கேட்டார்களாம். ஊர் முன்னால் சொன்ன பேச்சை எப்படி விழுங்குவது? ஆமாம் என்று சொல்ல வைப்பதற்காக டாக்டரை அழைத்தவர், இப்போது இல்லை என்று சொல்ல வேண்டுமே என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்.

வைகாசி 6, செவ்வாய்

டாக்டர் வந்தார். ஒல்லி மனிதர், பெரிய குடை. கிணற்றடியில் துணி விரித்து, ஆள் படுத்திருப்பதுபோல் எலும்புகளை அடுக்கினார். இடுப்பெலும்பைத் திருப்பிப் பார்த்து, "இது பொம்பளைங்க. முப்பத்தஞ்சு வயசு இருக்கும்" என்றார்.

என் வயசு.

மச்சாண்டார் துள்ளி எழுந்தார். "பொம்பளையா? அப்ப எங்க பாட்டனே இல்லீங்க! தீட்டு இல்லை!"

தள்ளி நின்ற மாசாணியம்மாள், "ஏனுங்க, பாட்டனைப் பெத்தவங்க ஆருங்க?" என்றாள்.

மச்சாண்டார் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். பல்லெல்லாம் மட்டமாகத் தேய்ந்திருக்கிறதாம். கல்லில் அரைத்த தவசத்தோடு கல்மணலையும் தின்றதால். ஆனால் சொத்தை ஒன்றுகூட இல்லை. "எங்கீங்க, உங்க வாயைத் தொறங்க" என்று மச்சாண்டார் வாய்க்குள் பார்த்தார். நாலு சொத்தை. "காப்பி, சர்க்கரை" என்றார். அவளுக்குத் தாடை அகலம், கடைசிப் பல்லுக்கும் தாராளமாக இடம். மெத்தென்று தின்னத் தின்ன நமக்கெல்லாம் தாடை சுருங்கிவிட்டதாம். அவளுக்கும் வெகு முந்தி, உழவே தெரியாமல் வேட்டையாடித் திரிந்தவர்களின் எலும்பு இதைவிடத் தடியாம். காடு திருத்தி ஓரிடத்தில் இருக்க ஆரம்பித்த பின்தான் எலும்பு மெலிந்ததாம்.

கணுக்கால் எலும்பில் வழுவழுவென்று ஓரிடத்தைக் காட்டினார். நாளெல்லாம் குத்தவைத்தே வேலை செய்தவர்களுக்கு வருவதாம். "உங்க பேரப்பிள்ளைக நாற்காலியிலயே வளந்தா, இது இருக்காதுங்க."

மச்சாண்டார் எழுந்து நின்றுகொண்டார்.

மாசாணியம்மாளைக் குத்தவைத்து உட்காரச் சொல்லி, "இந்தம்மா மாதிரிதான் அவங்களும் உக்காந்திருப்பாங்க" என்றார் டாக்டர். "உக்காரறனுங்க. பானைக்குள்ள வெச்சுப்போடாதீங்க" என்றாள் அவள்.

மச்சாண்டாருக்குப் பொறுக்கவில்லை. "எங்க கூட்டமுங்களா, இல்லீங்களா? அதைச் சொல்லுங்க!"

"கூட்டமெல்லாம் எலும்புல தெரியாதுங்க. செஞ்ச வேலை தெரியும், தின்னது தெரியும். செத்து ரெண்டாயிரம் வருசம் இருக்கும்."

அவ்வளவுதான். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மச்சாண்டார் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. அக்கா பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னேன்: "அக்கா, தீட்டு உண்டுன்னா கண்ணாலம் நிக்கோணும். இல்லீன்னா கெணறு வெட்டோணும். ரெண்டுல ஒண்ணுதான். கண்ணாலத்துக்கு இல்லாத தீட்டு கெணத்துக்கு மட்டும் ஏது?"

அக்கா புருஷனைப் பார்த்தாள். மச்சாண்டார் ஆகாயத்தைப் பார்த்தார்.

"வெட்டச் சொல்லு."

டாக்டர் எலும்புகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் கட்டினார். மதராஸுக்குப் போகிறதாம். வண்டி ஏறுமுன் ஒன்று கேட்டேன். "காய்ச்சல்ல போனா எலும்புல தெரியுங்களா?"

"தெரியாதுங்கம்மா. வெரசா வர்ற சாவு எலும்புக்கே எட்டாது."

அவருக்கு ஒன்பது நாள் காய்ச்சல். எட்டியிருக்காது. எனக்கே எட்டவில்லையே.

வைகாசி 9

பாறைக்கு வெடி வைத்தார்கள். காது அடைத்ததுதான் மிச்சம். ஈரம்கூட இல்லை.

வைகாசி 12, திங்கள்

முப்பத்தோராம் அடி. தண்ணீர்!

வேலன் கீழேயிருந்து போட்ட சத்தத்தில் ஆள் விழுந்துவிட்டான் என்று ஓடினேன். முழங்கால் ஆழத்தில் நின்று சிரிக்கிறான். மாசாணியம்மாள் மண்கூடையை எறிந்துவிட்டு ஆடினாள். நான் மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வைகாசி 14

வெயிலில் மச்சாண்டார் கிணறு வற்றிவிட்டது. நாளைக்கு நானூறு பேருக்குப் பந்தி. அக்காவை அனுப்பவில்லை, அவரே வந்தார். வேப்பமரத்தைப் பார்த்து, "பந்தலுக்குத் தண்ணி வேணும் அம்மணி" என்றார். மரம் பேசவில்லை. நான்தான் பேசினேன். "வண்டியும் பீப்பாயும் கொண்டாரச் சொல்லுங்க."

போகும்போது, "ஆடிக்கு என்ன வெதைக்கறே?" என்றார்.

"சோளமுங்க."

"ம்."

வைகாசி 15, வியாழன்

மேளம் இங்கே வரை கேட்டது. தாலி அறுத்தவள் முகூர்த்தப் பந்தலில் நிற்கக்கூடாது. நான் போகவில்லை. நாலு பீப்பாய் தண்ணீர் போயிற்று.

ரசம் உப்பாக இருந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம். அக்கா ஆள் விட்டுச் சொன்னாள். நம் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புதான். பழகிக்கொள்ளட்டும்.