உன் பேரில் என் கை

ஆண்டர்சன்பேட்டை கிளினிக்கில் இன்று காலை என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார்கள். யார் யாருடைய வியர்வையோ ஊறிய அந்தத் துணியின் நாத்தம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்ததுடா. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துணியைக் குறை சொல்லி என்ன, என்னை நினைத்துத்தான்.

"ஓடி வந்தீங்களா? அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. முதுகு சாயணும், கால் தரையில இருக்கணும், பேசக் கூடாது" என்றார் நர்ஸம்மா. சட்டைக் கையை ஏற்றி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, இரண்டு தடவை பார்த்தார். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் நம்பராம். அது இளைப்பாறும்போது உள்ளது கீழ் நம்பராம். மாத்திரையைத் தினமும் போட்டால்தான் இரண்டும் அடங்கிக் கிடக்குமாம். இவ்வளவுதான்டா விஷயம். நம் ரெண்டு பேர் மண்டையிலும் இது ஏறவே இல்லை.

நமக்குத் தெரிந்ததெல்லாம் 'ஃபிட்' மட்டும்தான். "எங்கப்பா மெடிக்கல் அன்னிக்கு மட்டும் மாத்திரை போட்டுக்குவாரு. ஃபிட்னு எழுதி வாங்கினு கேஜ் லிஃப்டுல ஏறி சுரங்கத்துல இறங்கிடுவாரு" என்று ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்கு நிற்கும்போது பெருமையடிப்பாய். தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் கேடுகெட்ட புத்தி நம்மை விடவில்லை. நாம் வாட்ச்மேன் வேலை பார்த்த கம்பெனியில் செக்கப் என்றால் நீயும் அன்றைக்கு மட்டும்தான் மாத்திரை போடுவாய்.

கடைசி செக்கப் அன்று அதையும் மறந்துவிட்டு வந்தாய். மேசைமேல் மெஷின், பக்கத்தில் ஆளில்லை. அது சீட்டு அடித்துத் தந்ததும் பேரை நாமே எழுதிக் கொடுக்கணும். "டேய், அன்ஃபிட்னு அனுப்பிடுவானுங்க. உன் கையைக் குடுடா, இன்னா ஆவப் போவுது" என்றாய். கொடுத்தேன். நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. அதில் உன் பேரை எழுதினேன். நீ அதை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாய். டீ குடித்துக்கொண்டே ரெண்டு பேரும் சிரித்தோம். சீ! அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

மூன்றாவது வாரம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்தாய்.

நேற்று ஸ்கெலட்டன் குடியிருப்பில் உன் வீட்டுக்குப் போனேன். உன் பெண்சாதிக்கும் பிரஷர். டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை அலமாரியில் பிரிக்காமலே கிடக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு போனில் அந்தச் சீட்டைக் காட்டினாள். "நார்மல்னுதானேண்ணா இருந்துச்சு? மூணே வாரத்துல போய்ட்டாரு. இந்த மெஷினே பொய்யி. இத நம்பி நான் எதுக்கு மாத்திரை முழுங்கணும்?"

நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்! வந்ததிலிருந்து தலை கிறுகிறுக்கவேதான் இன்று கிளினிக்குக்குப் போனேன். எனக்கு இப்போது நூற்று அறுபது, நூறு.

ஆனால் நான் சுமந்து திரிவது அந்தப் பழைய நம்பரைத்தான். சாயங்காலம் உன் வீட்டுக்குப் போகிறேன். மெஷின் பொய் சொல்லவில்லை தங்கச்சி, அது என் கை என்று சொல்லப் போகிறேன். செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். அடித்து முடித்த பிறகாவது அந்த அட்டையைப் பிரிக்கட்டும்.