கொத்தினவளுக்குத்தான் கூடை

என்னங்க, நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கு.

கறுப்பிக்கோழி மறுபடியும் புள்ளிக்கோழியோட முதுகு இறகைப் பிடுங்கிட்டா. போன தடவை நீங்க பாவம்னு புள்ளியைத் தனியா அடைச்சீங்க. திரும்ப விட்டதும் யாரோ புதுசா வந்தவள்னு எல்லாம் சேர்ந்து கொத்துச்சு. அதனால இந்தத் தடவை கொத்தினவளையே கூடையைப் போட்டுக் கவுத்துட்டேன். மூணு நாள் கழிச்சு விட்டா பெட்டிப்பாம்பா அடங்கிடுவா. தீனி, தண்ணி உள்ள இருக்கு. கத்துறாளேன்னு திறந்து விட்டுடாதீங்க.

அப்புறம், நேத்து வள்ளுன்னு விழுந்தது நீங்க, கூடத்துல போய்ப் படுத்தது நான். இன்னைக்கு உங்க பாயை அங்க போட்டிருக்கேன். நல்ல தலையணையும் உங்களுக்குத்தான்.

பி.கு.: உங்களுக்கு மூணு நாள் வேண்டாம். ஒரு ராத்திரி போதும்.