புஞ்சையில் நின்ற குரத்தியார் கல்

12.6.2024, புதன்
பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள். ஒன்பதாம் வகுப்புக்கு வரலாற்றுப் புத்தகம் இன்னும் வரவில்லை.

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடித்துவிட்டேன். புதூருக்குக் கிழக்கே ஆயிரம் வருஷத்துக்கு முன் சமணப் பெண் துறவிகள் இருந்த பள்ளி, அது எப்படி இடிந்து மண்ணானது, எல்லாம் அதில். ஆதாரம், சுடலையம்மாள் புஞ்சையில் நிற்கும் கல். நாலு வரி வட்டெழுத்து. ‘பள்ளி’, ‘குரத்தியார்’ இரண்டும் தெளிவு. குரத்தியார் என்றால் பெண் ஆசான். “இதுதாம்மா உங்க ஆய்வுக்கு உயிர்” என்றார் கைடு. ஆகஸ்டு கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதி. கொடுத்துவிடலாம்.

16.6.2024, ஞாயிறு
கல்லை மறுபடி படம் எடுக்கப் போனேன். சுடலையம்மாளின் கொழுந்தன் வெயிலுமுத்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

“அதைப் போயி ஏன் படம் பிடிக்கீய டீச்சர்? எங்க ஐயா கொண்டாந்த கல்லுல்லா. கோவில்பட்டியில பருத்தியை இறக்கிட்டு வெறும் வண்டியா வரக் கூடாதும்பாவ. வழியில கெடந்ததை ஏத்திட்டு வந்து, மாடு உரச நட்டாவ.”

“எங்கன கெடந்தது அண்ணாச்சி?”

“அது அவியளுக்குத்தான் தெரியும். செத்து முப்பது வருசமாச்சி.”

கரிசலில் பிறந்தவள் நான். இந்த மண்ணில் ஏது கல்? அம்மி, ஆட்டுக்கல் எல்லாமே வெளியூரிலிருந்து வண்டியேறி வந்ததுதானே! இது ஏன் எனக்குத் தோணலை? அஞ்சு வருஷம் — என் புத்தியை என்ன சொல்ல!

17.6.2024
கைடிடம் சொன்னேன். “வாய்ப்பேச்சுதானே, அடிக்குறிப்புல போட்டுடுங்க.” கடையை அடைத்துவிட்டு வந்த வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். “ஏட்டி, ஆடு மேய்க்கிறவரா ஒனக்குப் பட்டம் குடுக்கப் போறாரு? பேசாம குடுத்துரு.”

எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

23.6.2024, ஞாயிறு
கல்லுக்குப் பத்தடி தள்ளிப் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார்கள். கரையில் கொட்டிய மண்ணை மத்தியானம் வரை கிளறினேன். கரிசலில் கட்டடம் என்றால் அடியில் சுக்கான் பாறை வரைக்கும் அஸ்திவாரம் இறங்கியிருக்கணும். ஒரு செங்கல் துண்டு? ஒரு ஓட்டுச் சில்லு? ஒன்றுமில்லை. சுடலையம்மாள் தண்ணீர் கொடுத்து, “எதைத் தொலைச்சிய?” என்று கேட்டாள்.

30.8.2024
கொடுக்கவில்லை.

18.10.2024, வெள்ளி
கல்லை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போக ஆள் வந்திருப்பதாகச் சுடலையம்மாள் போன் செய்தாள்.

“டீச்சர், இது எந்த ஊருப் பள்ளியில இருந்த கல்லுன்னு எழுதணுமாம். ஒங்ககிட்டக் கேக்கச் சொல்லுதாவ.”

அதற்குத்தான் நாற்பத்திரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

“தெரியாதுன்னு எழுதச் சொல்லுங்க” என்றேன்.