கிளி நுழைந்த மரம்

அண்ணா,

இன்று காலை வாசல் பெருக்கும்போது துடைப்பத்தில் மரத்தூள் வந்தது. காப்பித்தூள் நிறத்தில், உளுத்த தூள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன்.

தூங்குமூஞ்சி மரத்தில் கிளை பிரியும் இடத்துப் பொந்திலிருந்து ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்தது. சிவந்த மூக்கு, கழுத்தில் ஆரம் இல்லை. பெட்டை. பக்கத்துக் கிளையில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் போட்டு, நீண்ட வாலோடு ஆண். இதெல்லாம் நீ சொல்லித் தெரிந்ததுதான். கேட்காவிட்டாலும் விடமாட்டாயே.

ரெட்டியார்பாளையத்தில் உன் வீட்டு மரத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆட்டோ துடைக்கிற சாக்கில் அண்ணாந்தபடியே நிற்பாய். ஆண் இரையைக் கக்கிப் பெட்டைக்கு ஊட்டினால் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டி அசடு வழிவாய். மரம் வெட்டுகிறவரை நான்தான் வரவழைத்தேன். அவர் தண்டைத் தட்டிப் பார்த்தார்.

"கிளி பச்ச மரத்துல பொந்து போடாதும்மா. அது உள்ள பூந்துச்சுன்னா மரம் உளுத்துப் போச்சுன்னு அர்த்தம்."

நீ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாய். "குஞ்சு பறக்கட்டும், வெட்டிக்கலாம்."

அப்புறம் அந்தக் கோடை மழை. ஆட்டோவை மரத்தடியிலிருந்து எடுக்க ஓடினாய். பொந்து இருந்த இடத்திலேயே மரம் முறிந்து உன் மேல் விழுந்தது. உன்னை வெளியே எடுத்தபின் யாரோ பொந்துக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். காலி. குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டிருந்தன. பொழுதன்னைக்கும் அண்ணாந்து பார்த்த உனக்கு அது எப்படித் தெரியாமல் போனது? தெரிந்தும் சும்மா இருந்தாயா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த மரத்தின் பெரிய கிளை, பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் படுக்கிற அறையின் ஓட்டுக்கு மேலேதான் நீண்டிருக்கிறது. அதே ஆளுக்குப் போன் செய்தேன். சாயங்காலம் கயிறும் ரம்பமுமாகக் குருசுக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என் மகள் இடுப்பைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டுல கூட்டக் கலைக்கக் கூடாதும்மா. எனக்குப் பயமா இருக்கு."

இந்த மாதிரிப் பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். "குஞ்சு பறக்கட்டும், வெட்டிக்கலாம்" என்று வந்தது.

மரம் வெட்டுகிறவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

உன் ஆட்டோவை விற்றாயிற்று, உன் சட்டைகளையும் கொடுத்தாயிற்று. இந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது, அண்ணா. எனக்கு அது வேண்டாம். மகளின் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன். கடற்காற்று நின்றுவிட்டது. மேற்கே, உன் வீட்டுப் பக்கம், வானம் கறுத்து வருகிறது. கிளிகள் இரண்டும் பொந்தை விட்டு எங்கேயோ போய்விட்டன. இதை எழுதுவதற்கு நடுநடுவே மரம் வெட்டுகிறவருக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, அவர் எடுக்கவில்லை.