வரவில்லை என்று நான் எழுதாத நாலரை பஸ்

என் அன்பு ஷீபா அக்காவுக்கு,

நாலரை பஸ்ஸைக் கட்சிக் கூட்டத்துக்கு ஆள் ஏற்ற அனுப்பியவர்கள்தான் உன்னைக் கொன்றார்கள். மூச்சிழுப்பு என்று எழுதியிருக்கும் இறப்புச் சான்றிதழ் பாதி உண்மை. மீதிப் பாதி நம் வீட்டு மேசையில், உன் பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.

அது இன்னும் ஓடுகிறது. இடி முழங்கினால் அம்மா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குகிறாள். ஓய்ந்ததும் நீ ஒட்டிவைத்த காகிதத்தைப் பார்த்து நான் சர்வரைத் திரும்பத் தொடங்குகிறேன். மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து நீ தூக்கி வந்த பெட்டி, நெட்டிலிருந்து சும்மா இறக்கிய மென்பொருள். அப்பா அன்றைக்கே சந்தேகப்பட்டார். "சும்மா தாறானுவன்னா அதுல ஏதோ ஏமாத்து இருக்கும்லா?"

"இது எப்பிடி வேல செய்யுன்னு யாரு வேணுன்னாலும் தெறந்து பாக்கலாம்ப்பா. டிப்போக்காரன் வண்டி ஓடுன டிரிப் ஷீட்ட அப்பிடிக் காட்டுவானா?" என்றாய்.

காட்டவில்லை. அதனால்தான் நம் ரப்பர் எஸ்டேட் லயன் வீடுகளுக்கு வரவேண்டிய மூன்று பஸ்ஸும் வந்ததா இல்லையா என்று தினமும் சொல்ல ஒரு பக்கத்தை நீ தொடங்கினாய். வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று கேட்டேன். "அங்க அட்மின் அழிச்சா போச்சு. இது நம்ம வீட்டுல கெடக்கும், ஏட்டி." பிறகு லயனே அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் வீட்டைவிட்டு இறங்கியது. அதில் பெயர் போட்டு எழுத நாலு பேர். குலசேகரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை என்பதால், ஸ்டாண்டைப் பார்த்து எழுத வேண்டியவள் நான்.

போன வாரம் டிப்போவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மா கட்டன் சாயா கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, ஒரே ஒரு வரி. அன்னைக்கி ஆறு பத்துக்கு ஒனக்க அக்கா எழுதுனது. ஷீட்டுல நாலரை வண்டி ஓடியிருக்கு, இதுல வரல்லன்னு கெடக்கு. மேலயிருந்து கேக்கானுவ. அத எடுத்துரு. திங்கக்கெழமையிலயிருந்து வண்டி ஒரு நாளும் நிக்காது, நான் பொறுப்பு."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு செல்வி மைனி வாசலில் நின்றாள். "எடுத்துரு புள்ள. செத்தவ திரும்பி வருவாளா? எனக்க மவ டெய்லி ரப்பர் காட்டுக்குள்ள தனியா நடந்து வாறா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் என்ன பொய் இருக்கிறது?

அழிக்கத்தான் ஞாயிறு காலை உட்கார்ந்தேன், அக்கா. அதற்கு முன் உன் வரியை யார் யார் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. பக்கத்தை யார் திறந்தாலும், எந்த மணிக்கு, எந்த மாடல் போனில் என்று சர்வர் ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும் என்று நீதான் காட்டினாய். அந்தக் கோப்பில் நீ போன நாளைத் திறந்தேன். நாலு முப்பத்திரண்டு. நாலு முப்பத்தொன்பது. நாலு நாற்பத்தைந்து. எல்லாம் உன் போன். ஆறு பத்துக்குள் இருபத்தாறு தடவை.

ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கூப்பிடட்டுமா என்று பஸ் ஸ்டாப்பில் அப்பா கேட்டாராம். "வரல்லன்னு பக்கத்துல ஒண்ணும் இல்லப்பா. அப்போ வண்டி வரும்" என்றாயாம், மூச்சை இழுத்து இழுத்து. நீ கட்டிய பக்கத்தை நீ நம்பினாய். அது சொல்லாததால் காத்திருந்தாய். கடைசியில் நீயே எழுதினாய்: நாலரை பஸ் வரவில்லை. அதன்பிறகு ஜீப் வந்து என்ன பயன்?

அன்றைக்கு நாலு மணிக்கு அந்த வண்டியில் கட்சிக் கொடி கட்டுவதை நான் கடை வாசலிலிருந்து பார்த்தேன். மெஷினில் பேப்பர் சிக்கியிருந்தது, எதிரே ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். வேறு யாராவது எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன். அவர்கள் பஸ்ஸை எடுத்தார்கள். ஜீப் கூப்பிட உனக்கு இருந்த ஒன்றரை மணி நேரத்தை நான் எடுத்தேன்.

உன் வரியை அழிக்கவில்லை. அதன் கீழே இன்னொன்று சேர்த்தேன்: "இந்த வண்டி நாலு மணிக்குக் கொடி கட்டிக் கூட்டத்துக்குப் போனது. பார்த்தேன், எழுதவில்லை. ஜெனி."

மறுநாள் டிப்போவுக்குப் போனேன். "வரியும் கெடக்கும் சார், வண்டியும் வரணும். ரெண்டும்."

"வெளயாடுறியா?" என்றார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

அன்றைக்கும் நாலரை வரவில்லை. நாலு இருபதுக்கே எழுதிவிட்டேன். மைனி என்னிடம் பேசுவதில்லை. அவள் மகள் நடந்துதான் வந்தாள்.

இடிக்கு அம்மா பிடுங்கினால் தவிர இந்தப் பெட்டியை யாரும் அணைக்க விடமாட்டேன். மெஷினில் எது சிக்கினாலும், கடையில் யார் கத்தினாலும், ஸ்டாண்டில் கண்டதை அந்த நிமிஷமே எழுதுவேன். இது சத்தியம்.

நீ ஒன்றே ஒன்று சொல். இருபத்தாறு தடவை திறந்தாயே, எனக்க பேரத்தான் தேடினியா? சொல்லு அக்கா.

கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த
உன் கூடப்பிறந்தவள்,
ஜெனி