அவரைத் தூக்க முடியாத கை

ஸ்ரீரங்கம். ஐப்பசி, புதன்கிழமை.

என் கையில் மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வாரமாகிறது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு கொஞ்சம் கோணல்தான், இந்த வயதில் இவ்வளவுதான் என்று தில்லைநகர் டாக்டர் சொல்லிவிட்டார். கனமாக எதையும் தூக்கக் கூடாதாம். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோன மனுஷரை வீட்டில் வைத்துக்கொண்டு எதைத் தூக்காமல் இருப்பது?

அவரைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த வேலைக்கார அம்மாள் நேற்றோடு நின்றுவிட்டாள். இன்று காலையில் அவரை நானே நாற்காலியிலிருந்து எழுப்பினேன். பாதி எழுந்ததும் மணிக்கட்டில் சுரீரென்றது. பிடி விட்டுப்போய் இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். கையை ஊன்றி எழ என்னாலும் முடியவில்லை. தாயார் சன்னதிக்குப் போயிருந்த மாடி வீட்டு ரம்யா வந்து தூக்கும்வரை, அவர் தன் நல்ல கையால் என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் மகன் சேகர் ஓசூரிலிருந்து பேசினான். "அப்பாவ ஹோம்ல சேத்துடலாம்மா. நீயும் விழுந்தா யாரு பாக்குறது?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பையன் சொல்றது சரிதான் மங்களம். என்னை விட்டுடு" என்றார்.

இந்தப் பேச்சு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. நான் இருக்கும்வரை நடக்காது என்று ஒவ்வொரு தடவையும் கத்தியிருக்கிறேன். இன்று ஒன்றும் சொல்லவில்லை. தானாகப் புரண்டு படுக்க முடியாதவர், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.